ஆட்சேபனை இல்லை என்று நான் எழுதிய மூன்று வரிகள்

அக்கா,

இன்று காலை அலுவலகத்தைத் திறந்து உட்கார்ந்தபோது ஜன்னல் வழியாகப் பிளாஸ்டிக் எரிகிற நாற்றம் வந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் யாரோ தெருக்குப்பையைக் குவித்துத் தீ வைத்திருந்தார்கள். பால் பாக்கெட், தண்ணீர் பாட்டில், பிய்ந்த செருப்பு எல்லாம் சேர்ந்து உருகும் நாற்றம் தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். நான் எழுந்து போவதற்குள் குழாயடியில் நின்ற நம் தெருப் பஞ்சவர்ணம் குடத்துத் தண்ணீரை அப்படியே கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டாள். "அவுக இருந்திருந்தா, தீ வச்சவன் வீட்டு வாசல்ல இந்நேரம் பெரிய பஞ்சாயத்து நடந்திருக்கும்" என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தும் வேலை ஓடவில்லை. நேற்று நான், நாம் இரண்டு பஸ் மாறிப் போன அந்த ஊருக்குப் போய்விட்டு வந்தேன், அக்கா. நீங்களும் நானும் சேர்ந்து போவதாக இருந்த கூட்டம். நீங்கள் எங்களை விட்டுப் போய் இன்னும் இரண்டு மாதம்கூட முடியவில்லை. அங்கே நடந்ததை உங்களிடம் சொல்லியாக வேண்டும். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் சரியாக இருக்கும். நான் செய்ததை விட்டுவிட்டு உங்களை நினைக்க எனக்கு வழி இல்லை.

கணவர் இறந்த இரண்டாம் வருடம், மகளைக் கூட்டிக்கொண்டு இந்த ஊராட்சிக்குச் செயலராக வந்தேன். உங்கள் வீட்டுக்கு எதிர்வீடுதான் வாடகைக்குக் கிடைத்தது. காலை ஆறரைக்குப் பட்டாசுக் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடிக்கும். தூக்குச்சட்டியும் கையுமாக நீங்கள் ஓடுவீர்கள். சாயங்காலம் இறங்கும்போது உங்கள் விரல்கள் பத்தும் சிவந்திருக்கும். சரவெடிக்குச் சுற்றுகிற தாளின் சாயம் அது. எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் மிச்சம் இருக்கும். என் மகள் முதல் நாள் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, எல்லா நாளும் மருதாணி வைப்பீங்களா?" என்று கேட்டாள். நீங்கள் சிரித்த சிரிப்பில் தெருவே திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து நான் கூட்டம், பயிற்சி என்று சாத்தூர் போய்த் தாமதமாகும் நாட்களில் அவள் உங்கள் வீட்டில்தான் சாப்பிட்டாள்.

நான் பதிலுக்குச் செய்தது எழுதிக் கொடுத்ததுதான். ரேஷன் அட்டைக்கு, முதியோர் உதவித்தொகைக்கு, பட்டா மாறுதலுக்கு என்று உங்கள் தெருவில் யாருக்கு என்ன மனு வேண்டுமானாலும் என்னிடம் கூட்டி வருவீர்கள். "செல்வி எழுத்து அச்சுல கோத்த மாதிரி இருக்கும். ஆபீசர்மாரு மறுக்க மாட்டாக" என்று சொல்வீர்கள். எட்டாம் வகுப்போடு நின்றுபோன நீங்கள், நான் எழுதி முடித்ததும் தாளை வாங்கி, உதடு அசைய மெதுவாக முழுவதையும் வாசித்துவிட்டுத்தான் திருப்பித் தருவீர்கள். என் எழுத்தை இந்த ஊரில் உங்களைப் போல் அறிந்தவர் வேறு யாரும் இல்லை.

கிட்டத்தட்ட இரண்டு வருடத்துக்கு முன் நடந்த மே தின கிராமசபையில் நாம் பேசியது குடிதண்ணீரும் தெருவிளக்கும்தான். தீர்மானப் புத்தகத்தில் கடைசித் தீர்மானத்துக்குக் கீழே பாதிப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. அடுத்த பக்கத்தில் வந்தவர்களின் கையெழுத்தும் கைநாட்டும். அதில் உங்கள் கையெழுத்தும் இருந்தது.

இருபது நாள் கழித்து ஒரு மத்தியானம் ஊராட்சித் தலைவர் அலுவலகத்துக்கு வந்தார். கூடவே வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர்.

"ஏம்மா செல்வி, நம்ம குப்பைக்கு ஒரு வழி பொறந்திருக்கு. கம்பெனி ஒண்ணு வருது. புத்தகத்துல ஒரு தீர்மானம் சேத்துரு."

"கூட்டத்துல அதப் பத்திப் பேசலையேய்யா."

"பேசி என்ன ஆகப்போகுது? நல்ல காரியம்தான?" என்றவர், குரலைக் குறைத்துக்கொண்டு, "உம்மக பன்னெண்டாவது போறாள்ல? இந்த வருசம் பாத்து ஒன்ன வேற மூலைக்குத் தூக்கி அடிச்சாகன்னா பிள்ளையக் கூட்டிக்கிட்டு நீ எங்கன அலைவ?" என்றார்.

அவர் மிரட்டியதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை. அக்கறையாகச் சொல்வது போலத்தான் இருந்தது. வெள்ளைச் சட்டைக்காரர் ஒரு கட்டுக் காகிதத்தை மேசையில் வைத்தார். நான் மேல்தாளை மட்டும் பார்த்தேன். 'நவீனக் கழிவு மேலாண்மை' என்று போட்டிருந்தது. மிச்சத்தைப் புரட்டவில்லை. புரட்டியிருந்தால் எழுதியிருக்க மாட்டேன் என்பதனால்தான் புரட்டவில்லையோ என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். அந்த வெறும் இடத்தில் மூன்று வரி எழுதினேன். கண்மாய்க்கரை மேட்டுப் புறம்போக்கில் அந்த நிறுவனம் அமைவதில் இந்தக் கிராமசபைக்கு ஆட்சேபனை இல்லை. வழக்கம்போல அழகான எழுத்து.

தீபாவளி சீசன் முடிந்து, மழையும் ஓய்ந்த கார்த்திகையில் கண்மாய்க்கரை மேட்டில் கல் நட்டார்கள். ஆடு மேய்க்கப் போன உங்கள் தம்பி வந்து சொல்ல, நீங்கள் நேரே போய் அளவுக்காரர்களிடம் கேட்டிருக்கிறீர்கள். குடிக்கத் தண்ணீர் கொண்டு கொடுத்ததில் அவர்கள் மனம் இளகிச் சொல்லியிருக்கிறார்கள். பல மாவட்டத்து ஆஸ்பத்திரிக் கழிவும் ஆலைக் கழிவும் லோடு லோடாக வந்து இங்கே எரியப் போகிறது, ராத்திரி பகல் என்று பாராமல் எரியும், புகைபோக்கி பனைமரத்தை விட உயரம்.

அன்று சாயங்காலம் என் வாசலில் வந்து நின்றீர்கள். "செல்வி, மேட்டுல கல்லு நடுறாக. ஆபீசுல ஏதும் தகவல் உண்டா?"

"தெரியலக்கா" என்றேன்.

மூன்று வரி எழுதியதைவிட இந்த ஒரு சொல்லைச் சொன்னதுதான் எனக்குப் பெரிய பாவமாகத் தெரிகிறது. எழுதியபோது எதிரே தலைவர் இருந்தார். இதைச் சொன்னபோது நீங்கள் மட்டும்தான் இருந்தீர்கள்.

பிறகு நீங்கள் ஓய்ந்து உட்காரவே இல்லை. கம்பெனி வேனில் போகும்போதும் வரும்போதும் பெண்களிடம் பேசினீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போனீர்கள். சிவகாசியில் அச்சாபீசில் வேலை செய்த உங்கள் ஒன்றுவிட்ட அண்ணன், காலண்டர் வெட்டியதில் மிஞ்சிய தாளில் நோட்டீஸ் அடித்துக் கொடுத்தார். அதனால் நம் போராட்ட நோட்டீஸ் ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் சாமி படத்தின் ஒரு துண்டு இருந்தது. ஒன்றில் முருகனின் மயில் தோகை, இன்னொன்றில் லட்சுமியின் ஒரு கை. "சாமியே நம்ம பக்கம்தான்" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தீர்கள். கிழித்துப் போட யாருக்கும் மனம் வரவில்லை.

எல்லாரும் உங்கள் பக்கம் நிற்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். கம்பெனி வந்தால் வாட்ச்மேன், டிரைவர் என்று ஊர்க்காரர்களுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். உங்கள் மகனுக்கே ஒரு வேலை சொல்லியிருந்தார்கள். அவன் இரண்டு மாதம் உங்களோடு பேசவில்லை. தட்டைக் கழுவிக்கொண்டே ஒருநாள் என்னிடம் சொன்னீர்கள்: "அவனச் சொல்லிக் குத்தமில்ல. பட்டாசுக் கம்பெனிக்கு அவன அனுப்ப மாட்டேன்னு நாந்தான அடம் பிடிச்சேன். இப்ப வந்த வேலையையும் நானே மறிக்கிறேன்." உங்களுக்குக் கண் கலங்கியிருந்தது. நான் என் மூன்று வரியை நினைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தேன்.

தை மாதம் ஒரு திங்கட்கிழமை, இருபது பெண்களோடு சூலக்கரைக்குக் கலெக்டர் ஆபீசுக்கு மனுக் கொடுக்கப் போனீர்கள். எல்லாருக்கும் அரைநாள் சம்பளம் போயிற்று. அங்கே மனுவை வாங்கிப் பார்த்த அலுவலர் குழம்பிப் போய், "உங்க ஊர் கிராமசபையே ஒத்துக்கிட்டு தீர்மானம் போட்டிருக்கேம்மா" என்று நகலை எடுத்துக் காட்டியிருக்கிறார். பெண்கள் எல்லாரும், "பொய்யி, நாங்க எங்க ஒத்துக்கிட்டோம்?" என்று சத்தம் போட, நீங்கள் மட்டும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தீர்களாம். பிறகு, "ஒரு ஜெராக்ஸ் குடுங்க சார்" என்று கேட்டு வாங்கி மடித்து வைத்துக்கொண்டீர்களாம். பஞ்சவர்ணம் சொல்லித்தான் எனக்கு இது தெரியும்.

அன்றே விளக்கு வைக்கிற நேரத்தில் வந்தீர்கள். மகள் டியூஷன் போயிருந்தாள். அந்தத் தாளை என் முன்னால் விரித்து வைத்தீர்கள்.

"இது ஓன் எழுத்துத்தான?"

நான் அழ ஆரம்பித்தேன். நீங்கள் என் தோளைத் தொடவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்தீர்கள். உட்கார்ந்தபடியே சொன்னீர்கள்: "அழுது முடிச்சிட்டுச் சொல்லு. ஒல வச்சிட்டு வந்திருக்கேன்."

சொன்னேன். தலைவர் வந்தது, மகள் படிப்பு, மாறுதல், புரட்டாத காகிதக் கட்டு, எல்லாம். முடிந்ததும் ஒன்று மட்டும் கேட்டீர்கள். "கார்த்திகையில வந்து கேட்டேனே, அப்ப ஏன் தெரியலன்ன?"

"இப்ப என்னக்கா செய்யணும்?" என்றேன்.

"அத நான் சொல்ல மாட்டேன். ஓன்னயக் காட்டியும் குடுக்க மாட்டேன். கூட்டம் ஒண்ணு போடப் போறாகளாம், ஊர்க்காரவுக கருத்தக் கேக்குறதுக்கு. அதுல இந்தத் தாளத்தான் தூக்கிக் காட்டுவாக. அங்கன நீயும்தான் இருப்ப."

"வேலை போயிரும்க்கா."

"போகும்" என்றீர்கள். "எனக்கு இன்னைக்கே போயிருச்சி. மேனேஜர் போன்ல சொல்லிட்டாரு, கலெக்டர் ஆபீசுக்கு ஆளக் கூட்டிப் போனதுக்கு, நாளையிலருந்து வேன் ஒங்களுக்கு நிக்காதுன்னு." இதைச் சொல்லும்போது உங்கள் குரலில் கோபமே இல்லை. இருபத்திரண்டு வருடம் சரம் பின்னிய விரல்களை ஒன்றோடொன்று கோத்துப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு உலை பொங்கும் என்று எழுந்து போய்விட்டீர்கள்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் நாம் பேசவில்லை. என் மகள் மட்டும் எப்போதும்போல உங்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தாள். அவளிடம் நீங்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பது அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

பங்குனி வெயிலில் ஊர்க் கல்யாண மண்டபத்தில் அந்தக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. மேடையில் அதிகாரிகள், ஒரு பக்கம் கம்பெனிக்காரர்கள், நடுவில் ஊர். ஊராட்சிச் செயலர் என்ற முறையில் மேடைக்குக் கீழே ஓரமாகத் தீர்மானப் புத்தகத்தோடு எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். முதலில் கம்பெனிக்காரர் சினிமா மாதிரித் திரையில் படம் காட்டினார். எல்லாப் படத்திலும் வானம் நீலமாக இருந்தது. பிறகு ஊர்க்காரர்களைப் பேசச் சொன்னார்கள். உங்கள் முறை வந்து நீங்கள் மைக்கைப் பிடித்ததுமே, டவுனிலிருந்து வந்திருந்த ஒருவர் முன்வரிசையிலிருந்து எழுந்தார். "ஏம்மா, பட்டாசு செஞ்சு ஊரு ஒலகத்துக்கெல்லாம் புகையை அனுப்புறது நீங்க. புகையப் பத்திப் பேச உங்களுக்கு என்ன இருக்கு?"

சிலர் சிரித்தார்கள். நம் ஊர்க்காரர்கள் சிலரும் சிரித்தார்கள் என்பதுதான் எனக்கு வலித்தது.

நீங்கள் அவர் உட்காரும்வரை காத்திருந்தீர்கள். "ஆமா சார். நாங்க பட்டாசு செய்றவுகதான். இருபத்திரெண்டு வருசம் சரம் பின்னிருக்கேன். மருந்து என்ன செய்யும்னு இந்த மண்டபத்துல எங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி யாருக்கும் தெரியாது. ஒரு ரூமுல இத்தன பேருதான் இருக்கணும்னு சட்டம். செருப்புப் போடக்கூடாது, செல் கொண்டு போகக்கூடாது, மேகம் இருட்டுனா வேலைய நிறுத்தணும். இம்புட்டும் பாத்தும் எங்க சனம் சாகுது. எங்க கூட வேன்ல வந்தவுகளத் துணியில சுத்தி அள்ளிக் குடுத்திருக்காக. அதனாலதான் கேக்கோம். ஒங்க கம்பெனியில என்னென்ன எரிப்பீக? அது எரிஞ்சா என்ன வரும்? ராத்திரி அத யாரு நின்னு பாப்பாக? அத மட்டும் சொல்லுங்க. ஒண்ணும் ஆகாதுன்னு மட்டும் சொல்லாதீக சார். அந்தச் சொல்ல நாங்க நெறையக் கேட்டாச்சு."

கம்பெனிக்காரர் பதில் சொல்லாமல், நீங்கள் சொன்னபடியே அந்தத் தாளை எடுத்தார். "இந்த ஊர் கிராமசபையே ஏகமனதா சம்மதம் குடுத்திருக்கு. சிலர் தூண்டிவிட்டுத்தான் இந்த எதிர்ப்பு" என்றார். எதிர்ப்பு கூச்சலாக மாறியது. உங்கள் கையில் அந்த ஜெராக்ஸ் இருந்ததை நான் பார்த்தேன். என்னைக் காட்டி ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். நீங்கள் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. மைக்கைக் கீழே வைத்துவிட்டுப் போய் உங்கள் இடத்தில் உட்கார்ந்தீர்கள்.

நான் எப்போது எழுந்தேன் என்று எனக்கு நினைவில்லை. தலைவர், "உக்காரும்மா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது நினைவிருக்கிறது. புத்தகத்தைத் திறந்து, குடிதண்ணீர்த் தீர்மானத்தையும் தெருவிளக்குத் தீர்மானத்தையும் வாசித்தேன். "இதுவரைக்கும்தான் அன்னைக்குக் கூட்டத்துல பேசினது. இதுக்குக் கீழ இருக்குற மூணு வரிய இருபது நாள் கழிச்சு ஆபீசுல உக்காந்து நான் எழுதினேன். கிராமசபைக்கு இது தெரியாது. கையெழுத்துப் போட்டவங்க இதுக்குப் போடல" என்றேன். மைக் இல்லாமல்தான் பேசினேன். கேட்டதோ கேட்கவில்லையோ என்று மறுபடியும் ஒருமுறை சொன்னேன். அதிகாரி என்னிடமிருந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டார்.

ஒரு வாரத்தில் என்னைப் பணியிடை நீக்கம் செய்து உத்தரவு வந்தது. தலைவர், தனக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் செயலரின் வேலை என்று எழுதிக் கொடுத்தார். ஊரில் பாதிப் பேர் என்னைப் பாராட்டினார்கள். மீதிப் பேர், "எழுதுனதும் அவதான, என்ன யோக்கியம்?" என்றார்கள். இரண்டாவது கூட்டத்தார் சொன்னதுதான் சரி என்று எனக்குப் பட்டது.

உத்தரவு வந்த மறுநாள் காலை நீங்கள் என் கதவைத் தட்டினீர்கள். "சும்மா உக்காந்து சொவத்தப் பாத்துக்கிட்டிருக்கப் போறியா? தம்பி தோட்டத்துல வெள்ளரி காச்சுக் கெடக்கு. வா."

அந்தச் சித்திரையிலிருந்து ஆடி வரை நாம் இருவரும் இருக்கன்குடியில் வெள்ளரிக்காய் விற்றோம். செவ்வாய், வெள்ளி, ஞாயிறு. கோயிலுக்கு வந்தவர்கள் ஆற்று மணலில் பொங்கல் வைத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் காயை நான்காகக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கொடுப்பீர்கள். நான் கூடையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கூவ வாய் வராது. ஆடி வெள்ளி ஒன்றில் யூனியன் ஆபீஸ் மேலாளர் குடும்பத்தோடு வருவதைப் பார்த்ததும் கூடைக்குப் பின்னால் நான் குனிந்துகொண்டேன். நீங்கள் வேண்டுமென்றே சத்தமாக, "வாங்க சார் வாங்க, எங்க செகரட்டரி கையால வெள்ளரிக்கா, பிஞ்சு, தேனா இருக்கும்!" என்று கூப்பிட்டீர்கள். அவர் நெளிந்துகொண்டே இரண்டு காய் வாங்கினார். போனதும் நீங்கள் மணலில் உட்கார்ந்து சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஒரு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாகச் சிரிக்கிறேன் என்று தோன்றியது. ஆனால் அந்த மூன்று வரியைப் பற்றி நீங்கள் அப்போதும் ஒரு சொல் பேசவில்லை.

ஆகஸ்ட் கிராமசபையில் ஊரே திரண்டு எதிர்ப்புத் தீர்மானம் போட்டது. அதை எழுதியது பக்கத்து ஊராட்சியிலிருந்து பொறுப்புக்கு வந்த செயலர். நான் கூட்டத்தில் ஒருத்தியாக உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன். விசாரணை முடிந்து எனக்கு வேலை திரும்பக் கிடைத்ததும், கம்பெனி தன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகச் செய்தி வந்ததும் தீபாவளியை ஒட்டித்தான். நம் ஊரில் சந்தோஷத்தைக் காட்ட வேறு வழி தெரியாது. பத்தாயிரம் வாலா ஒன்றைத் தெரு நீளத்துக்கு விரித்துக் கொளுத்தினார்கள். நீங்கள் பின்னிய சரமாகவும் இருக்கலாம் அது. கல்லைப் பிடுங்கிப் போட்டு அதன்மேல் நின்று பையன்கள் ஆடினார்கள். உங்கள் மகனும் ஆடினான்.

புகைக்குள்ளிருந்து இருமிக்கொண்டே நீங்கள் என் பக்கத்தில் வந்தீர்கள். "அப்ப அது எங்கன போகுதாம்?" என்று கேட்டீர்கள்.

"எது, அக்கா?"

"கம்பெனி. இங்க வேண்டாம்னா அந்தக் குப்பை இல்லாமயா போயிரும்? எங்கனயாவது வைப்பாக. எங்கன?"

கூட்டத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நீங்கள் விசாரித்து விசாரித்து தை மாதத்தில் கண்டுபிடித்தீர்கள். மாவட்டத்தின் அந்தக் கோடியில், இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய ஒரு மானாவாரிக் கிராமம். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள்.

அங்கே வேப்பமரத்தடியில் பருத்தி ஆய்ந்துகொண்டிருந்த பெண்களிடம் விஷயத்தைச் சொன்னதும், அவர்களில் வயதான ஒருத்தி எழுந்து வந்தாள். "நீங்கதான் அந்த ஊரா? நீங்க வெரட்டிவிட்டதுதான இங்கன வந்து நிக்கி? இப்ப என்ன, வேடிக்கை பாக்க வந்தீகளோ?"

எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிட வேண்டும் போலிருந்தது. நீங்கள் அவள் முகத்தைப் பார்த்தே சொன்னீர்கள்: "ஆமாம்மா. நாங்க வெரட்டினதுதான். வெரட்டும்போது இது எங்க போகும்னு நாங்க நெனைக்கல. அது எங்க தப்பு. அதச் சொல்லிட்டு, எங்களுக்குத் தெரிஞ்சதையும் சொல்லிட்டுப் போவோம்னுதான் வந்தோம்."

அவள் சாக்கை உதறிப் போட்டு, "வெயில்ல நிக்காதீக. உக்காருங்க" என்றாள். நீங்கள் அவர்களிடம் கேட்ட முதல் கேள்வி: "ஒங்க ஊரு தீர்மானப் புத்தகத்த யாராவது பாத்தீகளா?" என்னைப் பேசச் சொன்னீர்கள். நான் நடந்ததைச் சொன்னேன்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. ஜன்னலோரம் நீங்கள். அவ்வளவு நாளும் கேட்க முடியாததை அன்றைக்குக் கேட்டேன். "அக்கா, என்னைய மன்னிச்சிட்டீகளா?"

நீங்கள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "அத எங்கிட்ட ஏன் கேக்க, செல்வி? அந்தக் காத்த நான் ஒருத்தி மட்டுமா குடிச்சிருப்பேன்?"

சாத்தூரில் இறங்கி, காரச்சேவு வாங்கி, பாதியை என் மகளுக்கென்று என் பையில் போட்டீர்கள். மன்னிக்கிற உரிமை உங்கள் ஒருவரிடம் இல்லை என்றுதான் சொன்னீர்கள், கோபத்தில் சொல்லவில்லை என்பது மெல்ல மெல்லத்தான் எனக்கு விளங்கியது.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில் குழாயடியில் குடத்தோடு சரிந்தீர்கள். ஆட்டோ சாத்தூர் ஆஸ்பத்திரி போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதயம் என்றார்கள். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது நான்தான். நகக்கண்ணில் சாயம் சுத்தமாகப் போய்விட்டிருந்தது. வேலை போய் ஒரு வருடம் ஆகியிருந்ததே. நீங்கள் யாரோ வேறு ஆள் போலத் தெரிந்தீர்கள்.

நேற்று அந்த ஊரில் கருத்துக்கேட்புக் கூட்டம். உங்கள் மகன்தான் என்னை பைக்கில் கூட்டிப் போனான். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். வேப்பமரத்தடியில் பார்த்த அந்தப் பெண்கள் முன்வரிசையில் இருந்தார்கள். உங்களைத் தேடினார்கள். சொன்னபோது வயதானவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. என்னைப் பேச விடவில்லை, அக்கா. வெளியூர்க்காரர்களுக்கு வாய்ப்பு இல்லை என்றுவிட்டார்கள். ஆனால் அந்தப் பெண்கள் கேட்டார்கள். என்னென்ன எரிப்பீக, யாரு நின்னு பாப்பாக என்று, ஒருத்தி மாற்றி ஒருத்தி. முடிவு ஒன்றும் ஆகவில்லை. கூட்டத்தைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அங்கேயும் ஜெயிப்பார்களா, ஜெயித்தால் அது இன்னும் எங்கே போகும், எனக்குத் தெரியாது. அந்தக் குப்பை என்னதான் ஆக வேண்டும் என்பதற்கும் என்னிடம் பதில் இல்லை. உங்களிடமும் இருந்ததில்லை. ஆனால் கேட்பதை நீங்கள் விட்டதில்லை.

கூட்டம் கலையும்போது ஒரு இளம்பெண் என் பின்னாலேயே வந்தாள். அந்த ஊராட்சியின் செயலராம். வேலைக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. "அக்கா, நீங்கதான அந்த ஊர் செகரட்டரி? உங்களப் பத்திச் சொன்னாங்க" என்றாள். பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். அவளிடம் என்னென்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே எனக்குத் தெரிந்தது.

"உங்களுக்குப் பயமா இல்லையாக்கா?"

"இருந்துச்சு. இப்பவும் இருக்கு" என்றேன்.

"உங்க கூட ஒரு அம்மா வந்தாங்களாமே. அவங்க பயமே தெரியாதவங்கன்னு எல்லாரும் சொல்றாங்க."

உங்களைப் பற்றி இப்போது எல்லாரும் இப்படித்தான் சொல்கிறார்கள். இரங்கல் கூட்டத்திலும் அதைத்தான் சொன்னார்கள். நான் மறுத்ததில்லை. யாரிடமும் சொல்லாத ஒன்றை நேற்று அந்தப் பெண்ணிடம் மட்டும் சொன்னேன்.

அன்றைக்கு நம் ஊர் மண்டபத்தில், கூட்டம் தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்னால், என்னால் உள்ளே உட்கார முடியாமல் பின்பக்கம் சமையல்கட்டுக்குப் போனேன். அங்கே அண்டா கழுவுகிற தொட்டியைப் பிடித்துக்கொண்டு நீங்கள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தீர்கள். வயிற்றில் ஒன்றும் இல்லாமல் வெறும் தண்ணீராக வந்தது. வாயைக் கொப்பளித்தீர்கள். முகத்தைக் கழுவிச் சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தீர்கள். கலைந்த முன்முடியை ஈரக்கையால் வாரிவிட்டுக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, நிமிர்ந்து உள்ளே நடந்தீர்கள்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன், அக்கா.